இளம் வயதில் உயர் ரத்த அழுத்தம்: அளப்பதில் ஆரம்பிக்கும் முழுமையான வழிகாட்டி

இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு பி.பி. 144/94 என்று வந்தால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? "டென்ஷனா இருந்திருப்பீங்க", "மாடிப்படி ஏறி வந்திருப்பீங்க", "இந்த வயசுல பி.பி.யா?" என்று சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு சமாதானம் சொல்கிறார்கள். அந்த எண் அத்தோடு மறந்துபோகிறது. அடுத்த முறை யாராவது கையில் பட்டை கட்டிப் பார்ப்பதற்குள் சில வருடங்கள் ஓடிவிடுகின்றன. என் ஆதங்கமெல்லாம் அந்த வருடங்களைப் பற்றியதுதான். உயர் ரத்த அழுத்தம் வலிக்காது. ஆனால் அந்த இடைவெளியில் இதயத் தசை தடிக்கலாம், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெடலாம்.

அமெரிக்காவில் 1985-86ல் 18 முதல் 30 வயது வரையிலான 5,115 பேரைச் சேர்த்து 'கார்டியா' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018ல் வெளியிட்ட முடிவு தெளிவானது: நாற்பது வயதுக்கு முன்பே அழுத்தம் கூடியிருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 130/80ஐ ஒட்டிய 'லேசான' உயர்வு இருந்தவர்களும் இதில் அடக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 130 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

பலரும் சாப்பாட்டை மாற்றுவதில் தொடங்குகிறார்கள். நான் அளப்பதில் தொடங்கச் சொல்வேன். சரியான அளவு கையில் இல்லாவிட்டால், நீங்கள் செய்த மாற்றம் பலன் தந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

படி 1: எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

மேல் எண் இதயம் சுருங்கும்போது ரத்தக்குழாயில் உள்ள அழுத்தம். கீழ் எண் இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்து அழுத்தம். 120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. பெரும்பாலான நாடுகளில் மருத்துவமனையில் எடுக்கும் அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்பார்கள். அமெரிக்க இதயச் சங்கங்கள் 2017 முதல் 130/80லேயே அந்தக் கோட்டைப் போடுகின்றன. வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85 என்பது பரவலாகப் பயன்படும் எல்லை.

இரண்டு எண்களில் எது கூடினாலும் கணக்குதான். இளம் வயதில் கீழ் எண் மட்டும் தனியாக ஏறியிருப்பது அடிக்கடி நடக்கும். பெரிய ரத்தக்குழாய்கள் இன்னும் நெகிழ்வாக இருப்பதால் மேல் எண் சமாளித்துக்கொள்ளும். ஆனால் சின்னக் குழாய்கள் இறுகியிருப்பது கீழ் எண்ணில் தெரிந்துவிடும். ஆகவே 128/96 வந்தால் "மேலே நார்மல்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதுங்கள்

முழங்கைக்கு மேல் கட்டும் தானியங்கிக் கருவியே வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமானதல்ல. கைக்கடிகாரம் காட்டும் பி.பி.யை வைத்து நோயை முடிவு செய்யவே கூடாது. பட்டையின் அளவு மிக முக்கியம். பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி. இருப்பதுபோல் காட்டும். மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, அதற்குப் பொருந்தும் பட்டையை வாங்குங்கள்.

அளக்கும் முறை இதுதான். முந்தைய அரை மணி நேரத்தில் காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் இருக்கக்கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்மானத்தில் படும்படி நாற்காலியில் உட்காருங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் படியட்டும், கால்மேல் கால் வேண்டாம். கையை மேசைமேல் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டை இதயத்தின் உயரத்துக்கு வரவேண்டும், சட்டைக் கைக்கு மேல் கட்டக்கூடாது. அப்படியே ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையில் போன் இருந்தால் அது ஓய்வாகாது. கருவி ஓடும்போது பேசாதீர்கள். பேசினாலே பத்துப் புள்ளி வரை ஏறும். கை கீழே தொங்கினாலும், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் கூடுதலாகவே காட்டும். அவசர அவசரமாக எடுக்கும் அளவில் இந்தத் தவறுகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

முதல் நாள் இரண்டு கைகளிலும் பாருங்கள். எதில் கூடுதலாக வருகிறதோ, இனி எப்போதும் அந்தக் கைதான். இரண்டுக்கும் இடையே தொடர்ந்து பத்து, பதினைந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். பிறகு ஏழு நாள், காலையில் சாப்பிடும் முன்பும் இரவில் படுக்கும் முன்பும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை எடுத்து எழுதுங்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். கூடி வந்ததை அழித்துவிட்டு மறுபடி எடுத்து எழுதுவது வேண்டாம். வந்தது வந்தபடி இருக்கட்டும்.

இந்த ஒரு வாரம் இரண்டு வகை ஏமாற்றங்களைத் தீர்த்துவைக்கும். சிலருக்கு மருத்துவமனையில் மட்டும் ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். வேறு சிலருக்கு இது தலைகீழ்: மருத்துவர் பார்க்கும்போது 126/78, வேலை நாளின் மாலையில் 142/92. இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

180/120க்கு மேல் வந்தால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளவேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் ஏதாவது இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

படி 3: காரணம் வேறெங்காவது இருக்கிறதா?

பெரியவர்களைவிட இளையவர்களிடம் இந்தக் கேள்வியை அதிக அக்கறையுடன் கேட்கவேண்டும். இளம் வயதுக்காரர்கள் பலருக்கும் குடும்பவழியும் வாழ்க்கைமுறையும் சேர்ந்துதான் அழுத்தம் கூடுகிறது. ஆனாலும் குறிப்பிட்ட ஒரு நோய் பின்னால் ஒளிந்திருக்கும் வாய்ப்பு இந்த வயதில்தான் அதிகம். சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் தமனியில் அடைப்பு (இளம் பெண்களில் தமனிச் சுவரின் வளர்ச்சிக் கோளாறால் இது வரலாம்), சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பது, தைராய்டு கோளாறு, பிறவியிலேயே பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருப்பது என்று ஒரு பட்டியலே உண்டு. இவற்றில் சிலவற்றை நேரடியாகச் சரிசெய்துவிட முடியும். தெரியாமல் விட்டால், எவ்வளவு உப்பைக் குறைத்தாலும் பி.பி. இறங்காது.

சில அடையாளங்கள் இருந்தால் அழுத்திக் கேளுங்கள்: திடீரென்று மிக அதிகமாக ஏறியது, மூன்று மருந்து சாப்பிட்டும் இறங்காதது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, சிறுநீரில் நுரை, தலைவலியும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்தாற்போல் வந்து வந்து போவது. முதல் கட்டப் பரிசோதனைகள் எளியவைதான்: சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, கூடவே ஒரு இ.சி.ஜி. தேவை என்று பட்டால் மருத்துவர் அடுத்த கட்டத்துக்குப் போவார்.

படி 4: மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் ரத்தக்குழாயை இறுக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சில பெண்களுக்கு பி.பி.யைக் கூட்டும். அதை ஆரம்பிக்கும் முன்பும், ஆரம்பித்த சில மாதங்களிலும் அளந்து பார்க்கவேண்டும். ஸ்டீராய்டு, சில மனச்சோர்வு மருந்துகள், கவனக்குறைபாட்டுக்கான மருந்துகள், அதிமதுரம் சேர்ந்த தயாரிப்புகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். உடம்பை ஏற்ற ஜிம்மில் சிலர் போடும் ஊசி, பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தண்ணீரில் போட்டதும் பொங்கும் மாத்திரைகளையும் கவனியுங்கள். அந்த நுரை சோடியம் பைகார்பனேட்டிலிருந்து வருகிறது. பொங்கும் வகை பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றிலேயே சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கலாம். ஒரே நாளில் ஐந்து போட்டால், சாப்பாட்டைத் தொடாமலே அன்றைய சோடிய வரம்பு தீர்ந்துவிடும். சாதாரண மாத்திரையில் இந்தப் பிரச்சினை கிடையாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

படி 5: நீங்கள் போடாத உப்பைக் கண்டுபிடியுங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே, அதாவது 2,000 மி.கி. சோடியம். தட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. உலக மக்கள் சராசரியாக இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சாப்பிடுகிறார்கள். உப்பு கூடும்போது சிறுநீரகம் உடலில் நீரைத் தேக்குகிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. "நிறையத் தண்ணீர் குடித்தால் உப்பு வெளியேறிவிடும்" என்பது பலர் நம்பும் கதை. அதை நம்பி உப்பை அள்ளிப் போடாதீர்கள்.

மேசையில் இருக்கும் உப்புக் குப்பியை ஒளித்துவைப்பது நல்ல காரியம்தான். ஆனால் பாக்கெட்டையும் வெளிச் சாப்பாட்டையும் நம்பி வாழும் இளைஞருக்கு உப்பு வேறு வழியாக வருகிறது. உடனடி நூடுல்ஸ், ரொட்டி, சீஸ், சாஸ், சிப்ஸ், பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் சூப் எல்லாவற்றிலும் யாரோ ஏற்கெனவே உப்பைப் போட்டுவிட்டார்கள். ரொட்டி உப்புக் கரிக்காது, அதனால் சந்தேகமே வராது. ஒரு நாளைக்கு நான்கைந்து துண்டு சாப்பிடுகிறவருக்கு அதுவே கணிசமான அளவாகிவிடும்.

லேபிளைப் படிப்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும்: சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. நூடுல்ஸ் பாக்கெட்டில் "100 கிராமுக்கு சோடியம் 1,200 மி.கி." என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட்டின் எடை 70 கிராம் என்றால் 840 மி.கி. சோடியம். 2.5ஆல் பெருக்கினால் 2,100 மி.கி., அதாவது 2.1 கிராம் உப்பு. நாள் முழுக்கச் சாப்பிடவேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே கிண்ணத்தில் வந்துவிட்டது. பசிக்கு இரண்டு பாக்கெட் போட்டால் மீதி நாளுக்கு ஒரு கிராம்கூட மிச்சமில்லை. மசாலாப் பொடியில் பாதியை மட்டும் போட்டு, காய்கறியும் முட்டையும் சேர்த்தால் அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் காப்பாற்றலாம். லேபிளில் "ஒரு பரிமாறலுக்கு" என்று எழுதியிருந்தால் உஷாராகுங்கள். நீங்கள் முழுசாகச் சாப்பிடும் பாக்கெட்டை அவர்கள் இரண்டு, மூன்று பரிமாறலாகப் பிரித்திருக்கலாம்.

மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி, உப்பு அதிகம் தரும் முதல் மூன்று பொருளை மட்டும் குறிவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது நிலைக்காது. முதல் வாரம் சப்பென்றுதான் இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகி, பழைய அளவே கரிக்கத் தொடங்கும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, வினிகர் நன்றாகக் கைகொடுக்கும். கல் உப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று மாற்றுவதால் பயனில்லை, எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

படி 6: தட்டில் எதைச் சேர்ப்பது?

உப்பைக் குறைப்பது பாதி வேலை, பொட்டாசியத்தைக் கூட்டுவது மறுபாதி. பொட்டாசியம் கூடினால் சிறுநீரகம் சோடியத்தை அதிகம் வெளியே தள்ளும், ரத்தக்குழாயும் தளரும். ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மி.கி. பொட்டாசியம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பருப்பு, கீரை, தக்காளி, தயிர், ஆரஞ்சு எல்லாவற்றிலும் நிறைய உண்டு.

1997ல் வெளியான 'டேஷ்' ஆய்வைச் சொல்லாமல் இந்தப் படியைத் தாண்ட முடியாது. 459 பேருக்குச் சமைத்த உணவையே கொடுத்து நடத்திய சோதனை அது. உப்பு எல்லோருக்கும் ஒரே அளவு. எடை மாறாமலும் பார்த்துக்கொண்டார்கள். பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருள், முழு தானியம், பருப்பு, கொட்டை வகைகள் நிறைந்த சாப்பாடு கிடைத்தவர்களில், உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. இரண்டே வாரத்தில் இறக்கம் தெரிந்தது. 2001ல் வெளியான அடுத்த ஆய்வில் உப்பையும் படிப்படியாகக் குறைத்தபோது இன்னும் இறங்கியது. சாப்பாட்டின் மொத்த அமைப்பைத்தான் மாற்றவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பூண்டு மாத்திரையோ, வெறும் வயிற்றில் குடிக்கும் ஏதோ ஒரு சாறோ தனியாக நின்று இந்த வேலையைச் செய்யாது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: மதியமும் இரவும் தட்டில் பாதி காய்கறி, தினமும் இரண்டு மூன்று முழுப் பழம் (சாறாக அல்ல), வெள்ளை மாவுக்குப் பதில் முழு தானியம், கொறிக்க உப்பில்லாத கொட்டைகள். இனிப்புப் பானத்தை விட்டாலே எடையும் சேர்ந்து இறங்கும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். மற்றவர்களுக்கு நன்மை தரும் அதே உப்பு இவர்களுக்கு இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம்.

படி 7: உடம்பை அசையுங்கள்

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, சைக்கிள், நீச்சல் ஏதாவது ஒன்று. பேச முடியும், பாட முடியாது என்கிற அளவு மூச்சு வாங்கினால் போதும். இதனால் மேல் எண் 5 முதல் 8 புள்ளி வரை குறையலாம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்தாலும் பலன் உண்டு.

நேரமே இல்லை என்பவர்களுக்குச் சுவர் இருக்கைப் பயிற்சியைச் சொல்வேன். முதுகைச் சுவரில் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் முழங்காலை மடக்கி இரண்டு நிமிடம் நில்லுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு முறை, வாரத்துக்கு மூன்று நாள். அசையாமல் தசையை இறுக்கும் இவ்வகைப் பயிற்சிகள் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மூச்சைப் பிடிக்காமல் செய்யவேண்டும் என்பது முக்கியம். ஏற்கெனவே 160/100க்கு மேல் இருப்பவர்கள் இதையும் கனமான எடை தூக்குவதையும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்கவேண்டும்.

எடை கூடியிருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு புள்ளி இறங்கும். ஐந்து கிலோ குறைந்தாலே கருவியில் வித்தியாசம் தெரியும்.

படி 8: தூக்கம், புகை, மது, காபி

இரவில் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கவேண்டும். ரத்தக்குழாய்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் அதுதான். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு "எனக்கு இது போதும்" என்பவர்களுக்கு அந்த ஓய்வு சுருங்கிப்போகிறது. ஏழு மணி நேரம் வேண்டும். பலமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது இருந்தால் தூக்க ஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கும்வரை பி.பி. அடங்குவது கடினம்.

சிகரெட்டும், 'வேப்' எனப்படும் மின்சிகரெட்டும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை ஏற்றுகின்றன, ரத்தக்குழாயையும் கெடுக்கின்றன. இதில் 'கொஞ்சம்' என்பதே கிடையாது, விட்டுவிடுங்கள். மது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. காபி பழகியவருக்கு ஒன்றிரண்டு கோப்பையால் பெரிய மாற்றம் வராது. எனர்ஜி டிரிங்க் வேறு விஷயம். காஃபினும் சர்க்கரையும் சேர்ந்த அதை பி.பி. உள்ளவர்கள் தொடவேண்டாம்.

மன அழுத்தம் பி.பி.யை ஏற்றுவது உண்மைதான். மெதுவான மூச்சுப்பயிற்சி கொஞ்சம் உதவும். ஆனால் எல்லாவற்றுக்கும் டென்ஷனையே காரணம் காட்டி, உப்பையும் தூக்கத்தையும் தொடாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

படி 9: மறுபடி அளங்கள், மருந்தைக் கண்டு பயப்படாதீர்கள்

மாற்றங்களைத் தொடங்கி நான்கு வாரம் கழித்து, படி 2இல் சொன்ன அதே ஏழு நாள் கணக்கை மறுபடி எடுங்கள். ஆபத்துக் காரணிகள் குறைவாக உள்ள இளையவருக்கு, லேசான உயர்வு என்றால் மூன்று முதல் ஆறு மாதம் வாழ்க்கைமுறை மாற்றத்தோடு பார்ப்பது வழக்கம். அதற்குள் இறங்காவிட்டால் மருந்து. 160/100க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பு, இதயத் தசைத் தடிப்பு ஏதாவது இருந்தாலோ காத்திருக்காமல் மருந்தும் மாற்றமும் சேர்ந்தே தொடங்கும்.

"ஒருமுறை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க" என்ற பயத்தில் மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. எடை குறைந்து, சாப்பாடு மாறியபின் மருந்தின் அளவு குறைந்தவர்கள் உண்டு, சிலருக்கு நிறுத்தவும் முடிகிறது. ஆனால் அதை மருத்துவர் அளந்து பார்த்துச் செய்யவேண்டும். மருந்தால் நார்மல் ஆன எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் பழைய எண் திரும்பி வந்துவிடும்.

கருத்தரிக்கும் எண்ணம் உள்ள பெண்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். 'ப்ரில்', 'சார்டன்' என்று முடியும் மருந்துகள் கர்ப்பத்தில் கூடாது, குழந்தைக்கு ஆபத்து. பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன. கர்ப்பகாலத்தில் பி.பி. ஏறியவர்கள், பிரசவத்துக்குப்பின் எல்லாம் சரியானாலும், வருடம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளவேண்டும்.

உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் என்று உறுதியானால், உடன்பிறந்தவர்களையும் இந்த வாரமே கருவியின் முன் உட்காரவையுங்கள். இது குடும்பத்தில் ஓடும், அவர்களுக்கும் வலித்திருக்காது.